முதலில் வயரைக் காட்டுங்கள்

பாளையங்கோட்டையில் கண்காணிப்புக் கேமரா மாட்டுவது என் தொழில். அதற்கு முன்னால் கேபிள் டிவி. கறுப்பு வயரைச் சுருட்டித் தோளில் போட்டுக்கொண்டு மாடி மாடியாக ஏறி இறங்கிய காலம் அது. அதனாலோ என்னவோ, யார் வீட்டுக்குக் கேமரா வேலைக்குப் போனாலும் என் கண் முதலில் சுவரின் மேல்மூலைக்குத்தான் போகும். வயர் எங்கே ஏறுகிறது, எங்கே இறங்குகிறது, நடுவில் யாராவது ஒட்டுப் போட்டு டேப் சுற்றியிருக்கிறார்களா என்று பார்த்துவிட்டுத்தான் மற்றப் பேச்சு.

கடைக்கு வருகிறவர்கள் கேட்பது வேறு. "அண்ணாச்சி, அனலாக் போடலாமா, ஐபி போடலாமா?" கேமராவில் இருக்கும் இரண்டு வகை இவை. துபாயில் இருக்கும் மகன் ஐபிதான் போட வேண்டும் என்று போனில் சொல்லியிருப்பான். பக்கத்துக் கடைக்காரர் அனலாக்கே போதும், காசைக் கரியாக்காதே என்றிருப்பார். இரண்டு பேரும் இடத்தைப் பார்க்காமல் சொன்னவர்கள். நானும் பார்க்காமல் சொல்வதில்லை. "ஏற்கெனவே வயர் ஓடியிருக்கா? இல்லேன்னா வீடு புதுசா கட்டுதியளா?" என்று திருப்பிக் கேட்பேன். கேமராவைப் பற்றிக் கேட்டால் இவன் வயரைப் பற்றிக் கேட்கிறானே என்று முழிப்பார்கள். அவர்களுக்குப் பொறுமையாகச் சொல்வதைத்தான் இங்கே எழுதுகிறேன்.

அனலாக் என்றதும் புள்ளி புள்ளியாக மங்கிய படம்தான் பலருக்கு நினைவில் வருகிறது. அந்தப் பழைய வகையில் பதிவாவது பெரும்பாலும் 720க்கு 576 புள்ளிகள்தான். முகம் இருக்கும், யார் முகம் என்று தெரியாது. இப்போது விற்பது எச்டி அனலாக். டிவிஐ, சிவிஐ, ஏஎச்டி என்று பெட்டியில் போட்டிருக்கும். 2 மெகாபிக்சல், 5 மெகாபிக்சல், 8 மெகாபிக்சல் வரை கிடைக்கிறது. எல்லாம் கேபிள் டிவிக்கு இழுக்கிற அதே கறுப்பு வயரில், கோஆக்ஸ் வயரில்தான் ஓடுகிறது. ஆகவே "ஐபி என்றால் தெளிவு, அனலாக் என்றால் மங்கல்" என்ற கணக்கு இன்றைக்குச் செல்லாது. 5 மெகாபிக்சல் அனலாக், 2 மெகாபிக்சல் ஐபியைவிடத் தெளிவாகத் தெரிந்த இடங்கள் நிறைய உண்டு.

உண்மையான வித்தியாசம், படத்தை எங்கே சுருக்குகிறார்கள் என்பதில் இருக்கிறது. அனலாக் கேமரா படத்தைச் சுருக்காமல் அப்படியே வயரில் தள்ளிவிடும். அதைச் சுருக்கி ஹார்ட் டிஸ்கில் எழுதுவது டிவிஆர் என்கிற பதிவுப் பெட்டியின் வேலை. ஐபி கேமராவுக்குள்ளேயே ஒரு சின்னக் கம்ப்யூட்டர் இருக்கிறது. படத்தை அங்கேயே சுருக்கி, கம்ப்யூட்டருக்கு இழுக்கிற லேன் வயர் வழியாக என்விஆர் என்கிற பதிவுப் பெட்டிக்கு அனுப்பிவிடும். சுருக்கி அனுப்பி விரிக்கிற இந்த வேலையால் ஐபியில் நேரடிப் படம் அரை வினாடி, ஒரு வினாடி தாமதமாகத்தான் வரும். வீட்டில் இதை யாரும் கவனிப்பதில்லை. கல்லாவில் உட்கார்ந்து மானிட்டரில் பின்பக்கத்தைப் பார்க்கும் முதலாளிக்கு மட்டும் உறுத்தும். ஒருவர், "பையன் மூட்டையை இறக்கி வச்சிட்டு வந்து எங்கிட்ட நிக்கான், டிவியில இன்னும் தூக்கிட்டே இருக்கான்" என்றார். கொஞ்சம் கூட்டித்தான் சொன்னார், ஆனால் விஷயம் அதுதான்.

திருநெல்வேலி டவுனில் ரத வீதியை ஒட்டிய ஒரு சந்தில் பலசரக்குக் கடை. பல வருஷத்துக்கு முன்னால் யாரோ மாட்டிய நான்கு கேமராவும் ராத்திரியானால் ஒன்றும் காட்டாது. எல்லாவற்றையும் கழற்றிவிட்டு முழுக்க ஐபி போட இன்னொருவர் கொட்டேஷன் கொடுத்திருந்தார். கடையோ பழைய காரைக் கட்டடம். சுவர் ஒன்றரை அடி கனம், மேலே தேக்கு உத்தரம், உத்தரத்துக்கும் மச்சுக்கும் நடுவே எலிக்குக்கூட வழியில்லை. புது லேன் வயர் இழுக்க வேண்டுமென்றால் பருப்பு மூட்டை, எண்ணெய் டின் எல்லாவற்றையும் வெளியே எடுத்துவைத்து, கடையை அடைத்துத்தான் செய்ய முடியும்.

நான் பழைய வயரின் நுனியில் ஒரு அங்குலம் நறுக்கி, மேல்தோலை உரித்துப் பார்த்தேன். நடுக்கம்பி பளபளவென்று செம்பு. சுற்றியிருந்த வலைப்பின்னல் தலைமுடிபோல அடர்த்தியாக, கறுக்காமல் இருந்தது. அந்தக் காலத்தில் கேபிள் டிவிக்காரர்கள் வாங்கிய தரமான கோஆக்ஸ் அது. இப்போது அந்த விலைக்கு அப்படி ஒரு வயர் கிடைக்காது. அதைச் சுவருக்குள்ளேயே விட்டுவிட்டு நான்கு கேமரா, ஒரு டிவிஆர், ஒரு பவர் சப்ளை, வயர் முனையில் மாட்டும் பிஎன்சி இணைப்பான் எட்டு, இவை மட்டும் புதிதாகப் போட்டேன். மதியம் கடை அடைத்திருந்த நேரத்தில் வேலை முடிந்துவிட்டது. "வயரை மாத்தலியா?" என்று அவர் சந்தேகத்தோடு கேட்டார். "நல்லா இருக்கதை எதுக்கு அண்ணாச்சி மாத்தணும்?" என்றேன். அவருக்கு இன்றுவரை ஏதோ குறைத்துவிட்டேன் என்றுதான் எண்ணம்.

இங்கே இன்னொன்று. இப்போது வரும் டிவிஆர்களில் பல, அனலாக் கேமராக்களோடு ஒன்றிரண்டு ஐபி கேமராவையும் சேர்த்துக்கொள்ளும். வாங்கும்போது இதைக் கேட்டுக்கொள்ள வேண்டும். அந்தக் கடையின் கிட்டங்கி எதிர்ச் சந்தில் இருக்கிறது. அங்கே மட்டும் பிறகு ஒரு ஐபி கேமரா போட்டு அதே டிவிஆரில் சேர்த்தோம். அனலாக்கோடு தாலி கட்டிக்கொண்டோம், இனி விலக முடியாது என்றெல்லாம் கிடையாது.

டிவிஆர் வாங்கும்போது பெட்டியின் பொடி எழுத்தைப் படியுங்கள். 1080 என்று பெரிதாக அச்சிட்டு, பக்கத்தில் சின்னதாக "என்" அல்லது "லைட்" என்று போட்டிருந்தால், பதிவாவது 1920க்கு 1080 அல்ல, 960க்கு 1080. அகலத்தில் பாதி போய்விட்டது. 5 மெகாபிக்சலிலும் இந்த வித்தை உண்டு. நல்ல கேமராவை வாங்கி இதில் மாட்டினால் கேமராவுக்குக் கொடுத்த காசு பாதி வீண்.

அடுத்தது கரண்ட். நம் ஊரில் அனலாக் வேலை பெரும்பாலும் 3+1 வயரில்தான் நடக்கிறது. ஒரு கோஆக்ஸ், கூடவே மூன்று மெல்லிய பவர் வயர், எல்லாம் ஒரே உறைக்குள். 90 மீட்டர் சுருளாக வரும். கல்லாப் பக்கத்தில் 12 வோல்ட் பவர் சப்ளை வைத்து அங்கிருந்தே எல்லாக் கேமராவுக்கும் கரண்ட் போகும். பத்து, இருபது மீட்டருக்கு இது பிரச்சினையே இல்லை. தூரம் கூடும்போதுதான் கூத்து தொடங்கும்.

மேலப்பாளையத்தில் ஒரு மரக்கடைக்காரர் கூப்பிட்டார். "பகல்ல நல்லா இருக்கு அண்ணாச்சி, ராத்திரி ஆனா கேமரா கண்ணை மூடி மூடித் திறக்கு" என்றார். கேமராவில் குறை என்று முன்பு மாட்டியவர் இரண்டு தடவை மாற்றியும் கொடுத்துவிட்டாராம். கடையின் பின்கோடிக் கேமரா, பவர் சப்ளையிலிருந்து அறுபது மீட்டர் இருக்கும். வோல்ட் மீட்டரை வைத்துப் பார்த்தேன். இந்த முனையில் 12 வோல்ட். அந்த முனையில் பகலில் 11 சொச்சம். லென்ஸைக் கையால் மூடி இருட்டாக்கினேன். உள்ளே அகச்சிவப்பு விளக்குகள் எரிந்தன, மீட்டர் 9க்கு இறங்கியது, கேமரா அணைந்தது. அணைந்ததும் வோல்டேஜ் ஏறியது, கேமரா திரும்ப எழுந்தது, விளக்கு எரிந்தது, மறுபடி அணைந்தது. ராத்திரி முழுக்க இதேதான் நடந்திருக்கிறது. விளக்கு எரியும்போது கேமரா கூடுதல் ஆம்பியர் இழுக்கும். அந்த மெல்லிய வயரால் அதைக் கொண்டுபோய்ச் சேர்க்க முடியவில்லை. வயரை உரித்தால் உள்ளே அலுமினியம், மேலே செம்புப் பூச்சு. பின்கோடியிலேயே ஒரு தனி அடாப்டர் வைத்ததும் சரியாகிவிட்டது. மாற்றிக் கொடுத்த கேமராக்கள் பாவம், ஒரு குறையும் இல்லாதவை.

ஐபியில் இந்தத் தலைவலி குறைவு. எல்லாக் கேமராவின் லேன் வயரும் வந்து சேரும் பிஓஈ சுவிட்ச் என்ற பெட்டி, ஒரே வயரில் படத்தையும் கரண்டையும் சேர்த்துக் கொண்டுபோகிறது. அந்தக் கரண்ட் 48 வோல்ட் வாக்கில் போகும். வோல்ட் நான்கு மடங்கு என்றால், அதே வேலைக்கு ஆம்பியர் கால்வாசி போதும். ஆம்பியர் குறைந்தால் வழியில் விழுகிற இழப்பு இன்னும் பல மடங்கு குறையும். கேமரா பக்கத்தில் பிளக் பாயிண்ட் வேண்டாம், தனி பவர் வயர் வேண்டாம், ஒரே வயர். நான் ஐபியைச் சிபாரிசு செய்யும் இடங்களில் பாதிக்கு இதுதான் காரணம், படத் தெளிவு இல்லை. ஆனால் இதிலும் செம்புப் பூச்சு அலுமினிய லேன் வயர் விற்கிறார்கள். விலை குறைவு என்று அதை வாங்கினால் மரக்கடைக் கதையே இங்கும் நடக்கும். அப்புறம், அனலாக்கில் ஒரு வயர் போனால் ஒரு கேமராதான் போகும். ஐபியில் சுவிட்ச் போனால் மொத்தமும் போகும். சுவிட்சில் மிச்சம் பிடிக்காதீர்கள்.

லேன் வயருக்கு எல்லை 100 மீட்டர். சில பிஓஈ சுவிட்சுகளில் ஒரு பொத்தானைத் தள்ளினால் வேகத்தை 10 எம்பிபிஎஸ்ஸாகக் குறைத்து 250 மீட்டர் வரை தள்ளும் என்று போட்டிருக்கும். ஒரு கேமராவுக்கு அந்த வேகம் போதும். நல்ல செம்பு வயர் இருந்தால் ஓடும், இல்லாவிட்டால் மழைக்காலத்தில் ஓடாது. கோஆக்ஸில் 2 மெகாபிக்சல் படம் 300 மீட்டர்கூடப் போகும், அதுவும் கனத்த நல்ல வயரில். சந்தையில் கிடைக்கும் மெல்லிய 3+1ஐ நம்பி நான் அதில் பாதி தூரத்துக்கு மேல் இழுப்பதில்லை.

தூரமே பெரிய விஷயமாகிவிடும் இடம் அரிசி ஆலை, செங்கல் சூளை, தோப்பு. சேரன்மகாதேவிப் பக்கம் ஒரு ஆலையில் ஆபீசுக்கும் லாரி வரும் கேட்டுக்கும் நடுவே 180 மீட்டர் இருக்கும். முன்பு இழுத்தவர் பாதி வழியில் ஒரு தென்னை மரத்தில் டப்பா கட்டி, அதற்குள் சுவிட்ச் வைத்து, அங்கிருந்து தொடர்ந்திருந்தார். கட்டெறும்பு குடியேறியது ஒரு பக்கம். ஐப்பசியில் இடி இறங்கி சுவிட்ச், என்விஆர், ஆபீஸ் கம்ப்யூட்டர் மூன்றும் ஒன்றாகப் போனது இன்னொரு பக்கம். நம் பக்கத்து வடகிழக்குப் பருவ இடியைச் சாதாரணமாக நினைக்கக் கூடாது. திறந்த வெளியில் இரண்டு கட்டடத்துக்கு நடுவே செம்பு வயர் இழுத்தால், அது கோஆக்ஸோ லேனோ, இடிக்கு நாமே பாதை போட்டுக் கொடுத்ததாகிவிடும். அங்கே நான் ஃபைபர் இழுத்தேன். இரண்டு முனையிலும் ஃபைபரை லேன் வயரோடு சேர்க்கும் மீடியா கன்வெர்ட்டர், கேட்டில் ஒரு சின்ன பிஓஈ சுவிட்ச், அதற்குக் கேட் ரூமிலேயே கரண்ட். கண்ணாடி இழையில் மின்சாரம் பாயாது. இந்த மாதிரி இடத்தில் அனலாக் பற்றிப் பேசவே வேண்டாம், ஐபிதான்.

வாழைத்தோப்பு, மோட்டார் ரூம் என்றால் வயரே வேண்டாம். சிம் போட்டு, சோலார் தகட்டோடு வரும் கேமரா இருக்கிறது. மெமரி கார்டில் பதிவாகும், ஆள் நடமாட்டம் தெரிந்தால் போனுக்குச் செய்தி வரும். மோட்டார் செம்பு வயரை அறுத்துக்கொண்டு போகிறவர்களுக்கு இது போதும். ஆனால் கடையில் நாள் முழுக்கப் பதிவு வேண்டுமென்று இதை வாங்காதீர்கள். பேட்டரியை மிச்சப்படுத்த இது பெரும்பாலும் தூங்கித்தான் கிடக்கும்.

வயரைப் பார்த்தாயிற்று என்றால் அடுத்த கேள்வி, எதைப் பார்க்க வேண்டும் என்பது. "எல்லாம் தெரியணும்" என்பதுதான் எல்லாருடைய பதிலும். எல்லாம் தெரிய வேண்டுமென்று அகன்ற லென்ஸ் போட்டால் யாரையும் அடையாளம் தெரியாது. முன்பின் தெரியாத ஒருவரைப் படத்தில் அடையாளம் காண, அவர் நிற்கும் இடத்தில் ஒரு மீட்டர் அகலத்துக்கு 250 பிக்சல் வேண்டும் என்று சர்வதேசத் தரநிலை ஒன்று இருக்கிறது. 2 மெகாபிக்சல் கேமராவில் அகலம் 1920 பிக்சல். வகுத்தால் ஏழரை மீட்டர் அகலக் காட்சி. எல்லாரும் மாட்டும் அகன்ற 2.8 மி.மீ. லென்ஸ் அந்த அகலத்தைக் கேமராவிலிருந்து மூன்று மீட்டர் தூரத்திலேயே எட்டிவிடும். அதாவது பத்தடிக்கு அப்பால் நிற்கிற ஆள் "ஒரு ஆள்" மட்டும்தான். தெரிந்தவர் என்றால் நடையை வைத்துச் சொல்லிவிடலாம், போலீஸுக்கு அது உதவாது.

ஆகவே கல்லாவுக்கும் வாசலுக்கும் குறுகலாக, நெருக்கமாகக் காட்டும் 6 மி.மீ. லென்ஸ், ஆள் உயரத்துக்குச் சற்று மேலே. கடையைப் பொதுவாகப் பார்க்க ஒரு 2.8. இப்படிப் பிரித்துப் போட்டால் 2 மெகாபிக்சலே பேசும். உச்சாணியில் மாட்டிய 8 மெகாபிக்சல் கேமரா தலையின் சுழியைத்தான் அழகாகக் காட்டும். லென்ஸ் விஷயத்தில் அனலாக், ஐபி இரண்டுக்கும் ஒரே விதிதான். வண்டி நம்பர் வேண்டும், அதுவும் ராத்திரியில் வேண்டும் என்றால் மட்டும் அதற்கென்று குவியம் மாற்றுகிற லென்ஸ் உள்ள நல்ல ஐபி கேமரா ஒன்றைத் தனியாக ஒதுக்குங்கள்.

புதிதாக வீடு கட்டுகிறவர்களுக்கு நான் சொல்வது சுருக்கம். கான்கிரீட் போடும் முன் பைப் போடுங்கள், அதில் கேட் 6 என்ற வகை லேன் வயர் இழுத்துவையுங்கள், கேமராவைப் பிறகு யோசிக்கலாம். கேட் 6 இருந்தால் ஐபி நேராக ஓடும். காசு இடித்தால் அனலாக்கும் ஓடும். இரண்டு முனையிலும் பாலன் என்று விரல் நீளத்துக்கு ஒரு இணைப்பான் போட்டால் போதும், விலையும் அற்பம். இதையே தலைகீழாக, கோஆக்ஸ் இழுத்துவிட்டு ஐபிக்கு மாற நினைத்தால் ஒவ்வொரு வயருக்கும் கன்வெர்ட்டர் வாங்க வேண்டும், அந்தக் காசுக்குப் புது வயரே இழுத்துவிடலாம். வாசல், மாடிப்படி, பின்பக்கக் கிணற்றடி, கார் நிற்கும் இடம், இந்த நான்குக்கும் பைப் இருந்தால் போதும். எல்லாப் பைப்பும் மாடி அலமாரி ஒன்றில் வந்து முடியட்டும்.

மாடி என்று சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. 2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் பெய்த மழையை இங்கே யாரும் மறந்திருக்க மாட்டார்கள். காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 90 சென்டிமீட்டருக்கு மேல். தாமிரபரணி ஏறி ஜங்ஷன், சிந்துபூந்துறை, வண்ணார்பேட்டைப் பக்கமெல்லாம் தண்ணீர். அதற்குப் பிறகு என் மேசைக்குச் சேறு படிந்த டிவிஆர்கள் வரிசையாக வந்தன. கேமரா எல்லாம் மேலே பத்திரமாக இருந்தது, பெட்டி மேசைக்கு அடியில் முழுகிப்போனது. திருடனும் முதலில் தேடுவது அந்தப் பெட்டியைத்தான். என்விஆரை லேன் வயர் போகும் எந்த மூலையிலும் ஒளித்துவைக்கலாம். ஐபி கேமராக்கள் பலவற்றில் உள்ளேயே மெமரி கார்டு போடலாம், பெட்டி போனாலும் கார்டில் பதிவு மிஞ்சும். ஐபிக்கு உண்மையான மேன்மை என்றால் இதைச் சொல்வேன்.

பெருமாள்புரத்தில் தனியாக இருக்கும் ஒரு ஆச்சி, "எய்யா, சுவத்துல ஓட்டை போடாம மாட்டிருவியா?" என்று கேட்டார்கள். அவர்களுக்கு இரண்டு வைஃபை கேமரா போதும் என்றுதான் சொன்னேன். மகள் சென்னையிலிருந்து பார்ப்பாள், பேசுவாள். வாடகை வீட்டுக்கும் இதுவே சரி. ஆனால் வைஃபை கேமராவுக்கும் பிளக் வயர் வேண்டும், ரூட்டரிலிருந்து இரண்டு சுவர் தாண்டினால் படம் திக்கும். கரண்ட் போனால் கேமரா மட்டுமல்ல, ரூட்டரும் இன்வெர்ட்டரில் இருக்க வேண்டும். இதைப் பலர் மறந்துவிடுகிறார்கள்.

எத்தனை நாள் பதிவு நிற்கும் என்பதற்குக் கணக்கு எளிது. ஒரு கேமரா 2 எம்பிபிஎஸ்ஸில் எழுதினால் ஒரு நாளைக்கு 21.6 ஜிபி. நான்கு கேமராவுக்கு 86 ஜிபி. 1 டிபி டிஸ்க் பதினொரு நாளில் நிறைந்து பழையதை அழிக்க ஆரம்பிக்கும். எச்.265 என்ற புதுச் சுருக்கும் முறையில் பாதியாகக் குறைத்தால் மூன்று வாரம். டிவிஆரோ என்விஆரோ கணக்கு ஒன்றுதான். கேமராவுக்கென்று வரும் டிஸ்கையே போடுங்கள், கம்ப்யூட்டரில் கழற்றியதைப் போட்டால் இரவு பகல் எழுதித் தேய்ந்து ஒரு நாள் சத்தமில்லாமல் நின்றுவிடும். நேரடிப் படம் வந்துகொண்டே இருக்கும், பதிவு மட்டும் இருக்காது. திருட்டு நடந்த பிறகுதான் தெரியவரும். மாதம் ஒரு தடவை நேற்றைய பதிவை ஓட்டிப் பாருங்கள், ஒட்டடைக் குச்சியால் கேமராவையும் துடையுங்கள். அகச்சிவப்பு வெளிச்சத்துக்குப் பூச்சி வரும், பூச்சிக்குச் சிலந்தி வரும், வலை முழுக்க லென்ஸில்தான்.

பாஸ்வேர்ட். 2016இல் மிராய் என்ற வைரஸ் உலகமெங்கும் டிவிஆர்களையும் ஐபி கேமராக்களையும் பிடித்தது, கம்பெனி வைத்த பாஸ்வேர்டை யாரும் மாற்றாததால்தான். இன்டர்நெட்டில் கோத்துவிட்டால் அனலாக் டிவிஆருக்கும் அதே ஆபத்துதான், ஐபிக்கு மட்டும் என்று நினைக்க வேண்டாம். இன்னொரு தொல்லை, மாட்டியவர் தன் சொந்தக் கணக்கில் கேமராவைப் பதிவு செய்துவிட்டுப் போவது. ஒரு ஜவுளிக்கடைக்காரர் தன் கடையைத் தானே பார்க்க முடியாமல் என்னிடம் வந்தார். பழைய ஆளோ போனை எடுப்பதில்லை. பெண் பிள்ளைகள் வேலை செய்யும் கடை அது. ஆப்பில் கணக்கு உங்கள் நம்பரில் இருக்கட்டும், மாட்டியவர் கிளம்பும் முன் பாஸ்வேர்டை நீங்களே மாற்றுங்கள். சந்துக்குள் எதிர்வீட்டு ஜன்னல் படத்தில் விழுந்தால் அந்த இடத்தைக் கறுப்புக் கட்டத்தால் மறைக்கும் வசதி பெரும்பாலான பெட்டிகளில் உண்டு. சண்டை வரும் முன் போட்டுவிடுங்கள்.

மத்திய அரசு 2024 ஏப்ரலில் அறிவித்த பாதுகாப்புச் சோதனை விதி 2025 ஏப்ரல் 9 முதல் கேமராக்களுக்கு நடப்பில் இருக்கிறது. பெயரில்லாத கேமராவை மலிவாகத் தருகிறேன் என்று யாராவது சொன்னால் இந்தியத் தர நிர்ணய அமைப்பான பிஐஎஸ் கொடுத்த பதிவு எண்ணைக் கேளுங்கள். பெட்டியின் நேரமும் சரியாக இருக்க வேண்டும். பதிவு கோர்ட்டுக்குப் போனால், சாட்சியச் சட்டமான பாரதிய சாட்சிய அதினியத்தின் 63ஆம் பிரிவின்படி சான்றிதழ் கேட்பார்கள். அதில் கோப்பை யாரும் மாற்றவில்லை என்று காட்டும் ஹாஷ் எண்ணும் வேண்டும். டிவியை போனில் படம் பிடித்து வாட்ஸ்அப்பில் அனுப்பியது அங்கே நிற்பது சந்தேகம். பென் டிரைவில் அசல் கோப்பாகவே எடுத்துவையுங்கள்.

கேமரா விலை மாதத்துக்கு மாதம் மாறுவதால் இங்கே எழுதவில்லை. கொட்டேஷன் வாங்கும்போது கேமராவின் பெயரோடு வயரின் பெயர், முழுச் செம்பா, எத்தனை மீட்டர் என்று எழுதித் தரச் சொல்லுங்கள். லேன் வயர் 305 மீட்டர் பெட்டியாக வரும், நான்கு கேமரா வீட்டுக்கு அதில் கணிசமாக மிஞ்சும். பெட்டிக்குக் காசு வாங்கியிருந்தால் மிச்ச வயர் உங்களுடையது. கேட்டு வாங்கி மேலே போட்டுவையுங்கள், மாட்டுத்தொழுவத்துக்கும் ஒன்று வேண்டுமென்று வீட்டில் கட்டாயம் யாராவது சொல்வார்கள்.